பாஸ்பரஸை அளந்தவர்: சுப்பாராவின் நீல நிறமும் கிருமியின் சுவரும்

சின்னசேலத்தில் சிறுநீரகக் கோளாறு உள்ள ஒருவருக்கு டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கிறார். மறுநாள் வரும் லேப் ரிப்போர்ட்டில் யூரியா, கிரியேட்டினின் வரிசையில் பாஸ்பரஸ் என்றும் ஒரு வரி இருக்கும். பெரியவர்களுக்கு இது டெசிலிட்டருக்கு சுமார் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்கலாம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது இந்த எண் ஏறும்.

அதே ஊரில் இன்னொருவர் தொண்டை வலி என்று மெடிக்கல் ஷாப்பில் நாலு கேப்ஸ்யூல் வாங்கிப் போகிறார். பெரும்பாலும் அது அமாக்சிசிலினாக இருக்கும். பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் சுவரை முடிக்க விடாமல் தடுக்கும் மருந்து அது.

ரத்தத்தில் பாஸ்பரஸ் பார்ப்பதற்கும் கிருமியின் சுவருக்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் தேடிப் போனால் ஒரே ஆளிடம் வந்து நிற்க வேண்டியிருக்கும். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, இங்கே சரியான வேலை கிடைக்காமல் அமெரிக்கா போய், திரும்பி வராமலே இறந்துபோன எல்லாப்பிரகடா சுப்பாராவ்தான் அவர்.

மூன்றாவது முயற்சியில் மெட்ரிக்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திரத்தில் உள்ள அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. வீட்டில் வசதி குறைவு. படிப்பிலும் அவர் முதலில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுக்கவில்லை. காசிக்குப் போய் யாத்திரிகர்களிடம் வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று சின்ன வயதில் வீட்டை விட்டு ஓடியதாகவும், அம்மா வெங்கம்மா பிடித்து இழுத்து வந்து மறுபடி பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்ததாகவும் அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து எழுதித் தேறினார்.

அதன் பிறகு மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கு நன்றாக வந்தது. ஆனால் மனம் ராமகிருஷ்ண மிஷன் பக்கம் போனது. துறவியாக அம்மா சம்மதிக்கவில்லை. சேவைதான் செய்ய வேண்டுமென்றால் அதை மருத்துவராக இருந்தும் செய்யலாமே என்ற யோசனையில், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அந்தக் காலகட்டத்தில் அவரது சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். சாப்பிட்ட சத்து உடம்பில் சேராமல், ரத்தம் குறைந்து, ஆள் உருகிப்போகும் நோய் அது. அதற்கு அன்று மருந்து இல்லை. இந்த இழப்பு அவருடைய வாழ்க்கையில் பின்னால் மறுபடி வரும்.

கதர் அங்கியும் குறைந்த பட்டமும்

காந்தியின் அழைப்பை ஏற்று அந்நியத் துணியைத் துறந்தவர்களில் சுப்பாராவும் ஒருவர். அறுவை சிகிச்சை அரங்குக்கும் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதைவிடத் தாழ்வாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். தான் கொடுத்தார்கள்.

அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார், அதுவும் நடக்கவில்லை. கடைசியில் சென்னையில் டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். மாமனாரின் பண உதவியும் காக்கிநாடாவின் சத்யலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியும் கிடைத்த பிறகே அவர் கப்பல் ஏற முடிந்தது. 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் போய், ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டுப் போனார். அவர்களுக்குப் பிறந்த ஒரே மகன் குழந்தையாகவே இறந்துபோனான். சேஷகிரியை சுப்பாராவ் மறுபடி பார்க்கவே இல்லை.

இந்தியப் பட்டத்தை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் மருத்துவம் பார்க்க முடியாது. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் வேண்டும். ஒரு மருத்துவமனையில் இரவு நேரப் பணியாளாகச் சேர்ந்து, நோயாளிகளின் மலத்தட்டுகளைக் கழுவினார். பகலில் படிப்பு, லேப்.

நீல நிறம் வந்த விதம்

டிப்ளமோ முடித்ததும் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறைக்கு வந்தார். துறைத் தலைவர் ஓட்டோ ஃபோலின். சுப்பாராவ் வேலை பார்த்தது சைரஸ் ஃபிஸ்கேயிடம். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க நல்லதொரு வழி கண்டுபிடிப்பது.

அதுவரை இருந்த முறைகளில் நிறம் மெதுவாக வரும், சீக்கிரம் மாறும். ஃபிஸ்கேயும் சுப்பாராவும் 1925-ல் வெளியிட்ட முறை இதைச் சரிசெய்தது. ரத்தத்தில் இருந்து புரதத்தை நீக்கிவிட்டு, மிச்சமுள்ள நீரில் அமிலமும் மாலிப்டேட் உப்பும் சேர்க்க வேண்டும். அதில் பாஸ்பேட் இருந்தால் மாலிப்டேட் அதோடு சேர்ந்துகொள்ளும். பிறகு அமினோநாஃப்தால்சல்ஃபானிக் அமிலம் என்ற பொருளைக் கொஞ்சம் விட்டால் கலவை நீலமாகும். பாஸ்பேட் எவ்வளவோ அவ்வளவு அடர்த்தியான நீலம். அளவு தெரிந்த ஒரு கரைசலின் நீலத்தோடு இதை ஒப்பிட்டால் கணக்கு கிடைத்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் உயிர்வேதியியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் அது ஒன்றானது. ரிக்கெட்ஸ், தைராய்டு பக்கத்துச் சுரப்பிகளின் கோளாறு, சிறுநீரக நோய் என்று பல நோய்களைக் கண்டறிய இந்த அளவு தேவைப்பட்டது. இன்றைய லேப்களில் கண்ணால் நீலம் பார்ப்பதில்லை, இயந்திரம் பார்க்கிறது. ரசாயனமும் கொஞ்சம் மாறிவிட்டது. ஆனாலும் பல கருவிகளில் பாஸ்பேட்டைப் பிடிக்கும் வேலையைச் செய்வது இன்றும் அதே மாலிப்டேட்தான்.

தாமதமாக வந்த நீலம்

இந்த முறையைத் தசைச் சாற்றில் போட்டுப் பார்த்தபோது ஒரு வினோதம் நடந்தது. நீலம் உடனே முழுசாக வரவில்லை. நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போனது. மருந்து சரியில்லை என்று அதைக் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தசையில் ஏதோ ஒரு பொருள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, சோதனைக் குழாயில் உள்ள அமிலமும் மாலிப்டேட்டும் அதை உடைக்க உடைக்க பாஸ்பேட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது என்று புரிந்துகொண்டார்கள்.

அந்தப் பொருள்தான் பாஸ்போகிரியேட்டின். 1927-ல் அறிவித்தார்கள். அதே சமயத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும் தனியாக இதைக் கண்டிருந்தார்கள். 1929-ல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையில் இருந்து ஏ.டி.பி.-யைப் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டு அதைக் கண்டார். உயிருள்ள எல்லா செல்களும் ஆற்றலைக் கைமாற்றப் பயன்படுத்தும் மூலக்கூறு ஏ.டி.பி. அதன் கடைசி பாஸ்பேட் கழன்று விழும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் தசை சுருங்குகிறது, புரதம் உருவாகிறது, பாக்டீரியா சுவர் கட்டுகிறது.

தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று அன்று நம்பினார்கள். தசை ஆய்வுக்காக 1922-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு ஏ.வி. ஹில், ஓட்டோ மேயர்ஹாஃப் இருவருக்கும் போயிருந்தது. பாஸ்போகிரியேட்டினும் ஏ.டி.பி.-யும் அந்தக் கருத்தைப் புரட்டிப் போட்டன.

சுப்பாராவ் 1930-ல் ஹார்வர்டில் பி.எச்டி. பெற்றார். நிரந்தர ஆசிரியர் பதவி மட்டும் கிடைக்கவே இல்லை. சேர்ந்து செய்த வேலைகளில் தன் பங்கை முன்னிறுத்தும் ஆளும் அவர் இல்லை. ஃபிஸ்கேயின் மாணவராக இருந்து, பின்னாளில் நோபல் பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்கே வெளியிட விடவில்லை என்றும், வேறு ஆட்கள் பல ஆண்டு கழித்து அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும் சொல்லியிருக்கிறார்.

மாத்திரைப் பெட்டியில் இருக்கும் சுப்பாராவ்

1940-ல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்குப் போனார். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். அடுத்த எட்டு ஆண்டுகளில் அவருடைய குழுக்கள் செய்த வேலையின் பலன் இன்றும் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் வரை வருகிறது.

கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் சேர்ந்திருக்கும் ஃபோலிக் அமிலத்தை 1945-ல் செயற்கையாகத் தயாரித்தது லெடர்லி குழு. ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்தக் குறைவுக்கு அது பலன் தந்தது. சகோதரர்களைப் பறித்த நோய்க்கு, அவர்கள் போய் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மருந்து அது.

ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருந்து அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் அந்தக் குழு செய்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைக் கொண்டு, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவாவது நோய் தணிவதை 1948-ல் காட்டினார். அதன் தம்பி மெத்தோட்ரெக்ஸேட், இன்று மூட்டுவாத நோயாளிகள் வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் மாத்திரை. தமிழ்நாட்டில் யானைக்கால் நோய் உள்ள இடங்களில் வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் 1947-ல் அந்த ஆய்வகத்தில் இருந்து வந்ததே.

ஆன்டிபயாடிக் பக்கமும் அவர் இருந்தார். வேறு இடத்தில் ஓய்வு பெற்றிருந்த பெஞ்சமின் டகர் என்ற முதிய தாவரவியலாளர் லெடர்லியில் சேர்ந்து, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரில் இருந்து ஆரியோமைசினைக் கண்டெடுத்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து இது. 1948-ல் அறிவிக்கப்பட்டது. இது கிருமியின் சுவரைத் தொடுவதில்லை, புரதம் தயாரிப்பதை நிறுத்துகிறது.

அதே 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53.

குவிந்து கிடந்த செங்கல்

பென்சிலின் அப்போது பல உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அது கிருமியை எப்படிக் கொல்கிறது என்று யாருக்கும் தெரியாது. முக்கியமான துப்பு ஒன்று 1949-ல் வந்தது, அதுவும் பாஸ்பேட் வழியாக.

அமெரிக்காவின் ஜேம்ஸ் பார்க், மார்வின் ஜான்சன் இருவரும், கொப்புளம் உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவுக்கு பென்சிலின் கொடுத்துவிட்டு, உள்ளே என்ன மாறுகிறது என்று பார்த்தார்கள். அமிலம் பட்டால் சுலபமாகக் கழன்றுவிடும் பாஸ்பேட் உள்ள ஏதோ ஒன்று செல்லுக்குள் குவிந்தது. தசைச் சாற்றில் நீலம் தாமதமானபோது கிடைத்த பாடமும் இதே வகைதானே. எவ்வளவு பாஸ்பேட் இருக்கிறது என்பதோடு, அது எவ்வளவு சுலபமாகக் கழல்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

குவிந்தது யூரிடினோடு ஒட்டிய ஒரு வினோதச் சர்க்கரை, அதில் கோத்த அமினோ அமிலங்கள் என்று 1952-ல் பார்க் விவரித்தார். பாக்டீரியாவின் சுவரிலும் அதே பொருள்கள் அதே விகிதத்தில் இருக்கின்றன என்று 1957-ல் பார்க்கும் ஜாக் ஸ்ட்ரோமிங்கரும் காட்டினார்கள். விஷயம் தெளிவானது. வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டால் செங்கல் வாசலில் குவியும் அல்லவா? பென்சிலின் கொத்தனாரைத் தடுத்தது. செங்கல் குவிந்தது. பார்க் பார்த்தது அந்தக் குவியலை.

ஒரு கல்லுக்கு ஆறு பாஸ்பேட்

பாக்டீரியாவின் சுவர் ஒரு வலைக்கூடை மாதிரி. பெயர் பெப்டிடோகிளைக்கன். சர்க்கரைச் சங்கிலிகளை அமினோ அமிலத் துண்டுகள் குறுக்கே கட்டிப் பிடித்திருக்கும். உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தாங்குவது இந்தக் கூடைதான். அறுந்தால் கிருமி வெடித்துவிடும். நம் செல்களுக்கு இந்தச் சுவர் கிடையாது. அதனால்தான் இதைக் குறிவைக்கும் மருந்து கிருமியை அடிக்கிறது, நம்மை விட்டுவிடுகிறது.

இந்தக் கூடைக்கான ஒவ்வொரு கல்லும் செல்லுக்குள்ளே தயாராகிறது. மியூர் ஏ என்ற நொதி, அதாவது என்சைம், முதல் அடியை எடுத்து வைக்கும்போது ஒரு பாஸ்பேட் வெளியே விழும். பிறகு மியூர் சி, டி, இ, எஃப் என்ற நான்கு நொதிகள் அமினோ அமிலங்களைக் கோக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஏ.டி.பி.-யைச் செலவழித்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றிப் போடுகிறது. கடைசியில் சேரும் இரட்டை அலனைனைத் தனியாக இணைக்கும் இன்னொரு நொதியும் அப்படியே. ஆக, ஒரு கல்லுக்கு ஆறு பாஸ்பேட். சித்தாள் ஒரு நடைக்கு ஒரு டோக்கன் கிழித்துப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழிந்த டோக்கனை எண்ணினால் எத்தனை நடை நடந்தார் என்று தெரிந்துவிடும்.

நொதியின் வேலையை லேபில் அளப்பதும் இப்படித்தான். சுத்தம் செய்த ஒரு நொதி, அதற்கு வேண்டிய மூலப்பொருள், ஏ.டி.பி., கொஞ்சம் மெக்னீசியம் எல்லாவற்றையும் சேர்த்து இளஞ்சூட்டில் வைப்பார்கள். குறிப்பிட்ட நிமிடங்களில் நிறுத்தி மாலிப்டேட் சேர்ப்பார்கள். இப்போது பெரும்பாலும் மாலகைட் கிரீன் என்ற சாயத்தையும் சேர்க்கிறார்கள். அதில் பச்சை நிறம் வரும், இன்னும் குறைந்த பாஸ்பேட்டையும் காட்டிக்கொடுக்கும். 10 நிமிடத்தில் 20 நானோமோல் பாஸ்பேட் வந்தால் நொதி நிமிடத்துக்கு 2 நானோமோல் வேகத்தில் வேலை செய்தது என்று கணக்கு. நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் என்றால் அது 1 யூனிட். புது மருந்து ஒன்றைச் சேர்த்து அந்த வேகம் பாதியாகக் குறைந்தால், அந்த மருந்து கொத்தனாரின் கையைப் பிடிக்கிறது என்று அர்த்தம்.

இதில் ஏமாறவும் வழி இருக்கிறது. கண்ணாடிக் குழாயில் சோப்புத்தூள் மிச்சம் இருந்தால் அதிலுள்ள பாஸ்பேட்டே நிறம் காட்டிவிடும். அமிலம் பட்ட ஏ.டி.பி. தானாகவும் கொஞ்சம் உடையும், நொதி எதுவும் செய்யாமலே நிறம் ஏறும். அதனால் நொதி சேர்க்காத ஒரு குழாயை எப்போதும் பக்கத்தில் வைத்து, அதன் நிறத்தைக் கழித்துவிடுவார்கள். இன்னொன்று, அமாக்சிசிலின் தடுக்கும் கடைசிக் கட்டம் செல்லுக்கு வெளியே நடக்கிறது. அங்கே ஏ.டி.பி. கிடையாது. அந்த வேலையை இந்த வழியில் அளக்க முடியாது. அங்கே கழன்று விழும் அலனைனை எண்ண வேண்டும்.

நாலு கேப்ஸ்யூலில் இருக்கும் விஷயம்

இதெல்லாம் இப்போது எதற்கு? சுவரின் கடைசிக் கட்டத்தைத் தடுக்கும் பென்சிலின் வகை மருந்துகளைப் பல கிருமிகள் சமாளிக்கக் கற்றுவிட்டன. சில மருந்தையே வெட்டிவிடுகின்றன. சில கொத்தனாரையே மாற்றிக்கொண்டன. தேவையில்லாமலும் அரைகுறையாகவும் போடும் ஒவ்வொரு கேப்ஸ்யூலும் அப்படிப்பட்ட கிருமிகளுக்கு இடம் கொடுக்கிறது. தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. வைரஸுக்கு இடிப்பதற்குச் சுவரே இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கும் நாலு கேப்ஸ்யூல் அங்கே எதையும் செய்யாது.

ஆகவே முந்தைய கட்டங்களைத் தடுக்க முடியுமா என்று தேடுகிறார்கள். முடியும் என்பதற்கு ஏற்கெனவே சாட்சி உண்டு. சிறுநீர்த் தொற்றுக்குத் தண்ணீரில் கலந்து குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசின் மியூர் ஏ-வைத் தடுக்கிறது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரின், இரட்டை அலனைனை இணைக்கும் நொதியைத் தடுக்கிறது. ஆனால் நடுவில் உள்ள மியூர் சி முதல் எஃப் வரை தடுக்கும் மருந்து எதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை. குழாயில் நொதியை நிறுத்தும் பொருள்கள் நிறையக் கிடைத்தன. அவற்றில் பல கிருமியின் உள்ளே போகவே முடியாமல் தோற்றன. அளவீடு ஒரு வாசலைத் திறந்து காட்டும், அதற்குள் நுழைவது வேறு வேலை.

சுப்பாராவின் நூற்றாண்டான 1995-ல் இந்திய அரசு அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சை இனத்துக்கும் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் மருந்துப் பட்டையில் அவர் பெயர் இல்லை, லேப் ரிப்போர்ட்டிலும் இல்லை. புது ஆன்டிபயாடிக் தேடும் ஏதோ ஒரு லேபில் இன்றும் ஒருவர் குழாயில் மாலிப்டேட்டை விட்டு நிறத்துக்காகக் காத்திருப்பார். நிறம் தாமதமாக வந்தால், அதைக் கொட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும் என்பது அவர் விட்டுப்போன பழக்கம்.